கூனிப்படையைப் பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, ஜப்பானின் நவோஷிமா தீவுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். கடலோரத்து மஞ்சள் பூசணிச் சிற்பத்தின் படம் அழகு. கட்டடக் கலைஞர் ததாவோ அந்தோ மண்ணுக்குள் புதைத்துக் கட்டிய சிச்சு அருங்காட்சியகத்தைப் பற்றிய பத்தியும் நன்றாக இருந்தது. ஆனால் படித்து முடிக்கிறவருக்கு, ஒரு செல்வந்தரும் பெயர் பெற்ற சில கலைஞர்களும் வந்தார்கள், ஆள் அற்றுப்போன தீவுகள் பிழைத்துக்கொண்டன என்றுதான் தோன்றும். நான் ஏழு ஆண்டுகளாக, அந்தத் தீவுகளுக்குப் படகு புறப்படும் துறைமுக நகரான தகமட்சுவில் வசிக்கிறேன். விடுமுறை நாட்களில் அந்தத் தீவுகளில் தொண்டு வேலை பார்க்கிறேன். கட்டுரையில் விடுபட்டுப்போன தொண்டர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

செத்தோ உள்கடலின் தீவுகளில் மூன்றாண்டுக்கு ஒரு முறை நடக்கும் கலைத் திருவிழா 2010இல் தொடங்கியது. தொழிலதிபர் ஃபுகுதாகே சோயிசிரோவும் விழா இயக்குநர் கிதகாவா ஃப்ராமும் அதன் முன்னோடிகள் என்பதில் ஐயமில்லை. 2019 விழாவுக்கு ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் வருகைகள் பதிவாயின. அத்தனை பேருக்கும் கதவு திறந்துவிட்டது யார்? நுழைவுச்சீட்டுப் புத்தகத்தில் முத்திரை குத்தி, வழி சொல்லி, கடைசிப் படகைத் தவறவிடாமல் அனுப்பிவைத்தது யார்? அந்த வேலையில் பெரும்பங்கு 'கொஎபி-தாய்' என்ற தொண்டர் குழுவுடையது. 'கொஎபி' என்றால் சின்ன இறால். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள் நான். அந்தப் பெயரைக் கேட்டவுடன் எனக்கு எங்கள் ஊரில் கூனி என்று சொல்லும் பொடி இறால்தான் நினைவுக்கு வந்தது. 'தாய்' என்பதற்கு ஜப்பானியத்தில் படை என்று பொருள். ஆக, கூனிப்படை. தமிழில் எழுதும்போது அது 'தாய்' என்று முடிவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாணவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் சொந்தச் செலவில் வந்து இறங்குகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. கூலி கிடையாது. ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு இன்றைக்கும் ஒரு கோடு ஒழுங்காகப் போட வராது. காலையில் தகமட்சு துறைமுகத்தில் கூடி, எந்த வீட்டுக்கு யார் என்று பிரித்துக்கொண்டு, எட்டு மணிப் படகில் ஏறுவோம். ஒகிஜிமா என்ற தீவுக்கு நாற்பது நிமிடம். போனதும் சன்னல்களைத் திறந்து, தரையைத் துடைத்து, சிலந்திவலை அடித்து, மின்விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாழடைந்து கிடந்த வீடுகளுக்குள்தான் பல படைப்புகள் இருக்கின்றன. ஒரு வாரம் பூட்டிவைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

ஒகிஜிமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நூற்றைம்பது பேர் அளவில்தான் வாழ்கிறார்கள். வீடுகள் மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கும். சந்துகளுக்குள் கார் நுழையாது. அதனால் பாட்டிமார் 'ஒன்பா' என்ற தள்ளுவண்டியில்தான் காய்கறி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். முதல் விழாவின்போது தகமட்சுக் கலைஞர்கள் சிலர் அங்கே ஒரு பட்டறை போட்டார்கள். கலைப்பொருள் என்று எதையும் கொண்டுவந்து இறக்கவில்லை. அந்தப் பாட்டிமாரின் பழைய வண்டிகளை வாங்கிப் பழுது பார்த்து, அவரவர் விருப்பப்படி வண்ணம் தீட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். வண்டி மறுபடி சந்தில் ஓடியது, வெங்காயம் சுமந்தது. மகபே ரிகுஜி என்ற ஓவியர் தீவில் கிடந்த உடைந்த படகுப் பலகைகளையும் கழிவு மரத்தையும் சேர்த்து, வண்ணமடித்து, சந்துச் சுவர்களில் பொருத்தினார். படகுத்துறையில் ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஜவ்மே பிளென்சா கட்டிய வெள்ளைக் கூரையில் உலகின் பல எழுத்துகள் கோத்திருக்கும். வெயில் ஏறும்போது அவற்றின் நிழல் தரையில் விழும். படகுக்குக் காத்திருக்கும் பாட்டி ஒருத்தி அந்த நிழலில்தான் தன் வண்டியை நிறுத்துவாள். என்னைக் கண்டால், "சாப்பிட்டாயா?" என்பாள். எங்கள் ஊரிலும் முதல் கேள்வி அதுதான்.

அந்தத் தீவின் பள்ளி பிள்ளைகள் இல்லாமல் மூடிக் கிடந்தது. 2013 விழாவையொட்டி, தீவை விட்டுப் போயிருந்த சில குடும்பங்கள் திரும்பிவர முடிவெடுத்தன. 2014இல் பள்ளி திறந்தது. குடியேறியவர்கள் 2016இல் பாழ்வீடு ஒன்றைச் செப்பனிட்டு நூலகம் தொடங்கினார்கள். ஓவியம் பள்ளியைத் திறந்தது என்று நான் சொல்லமாட்டேன். வெளியாட்கள் சீராக வந்து போய், ஊர்த் திருவிழாவில் பல்லக்குத் தூக்கத் தோள் கொடுத்து, விழா இல்லாத மாதங்களிலும் முகம் காட்டியதால், இங்கே வாழலாம் என்ற நம்பிக்கை சிலருக்கு வந்தது. நான் கண்ட அளவில் உண்மை அதுதான்.

கட்டுரையாளர் ஓஷிமா என்ற தீவுக்குப் போகவில்லை. நேரம் இருந்திருக்காது. எனக்கு எல்லாத் தீவுகளையும்விட அதுதான் நெருக்கம். 1909இல் தொழுநோயாளிகளை அடைத்துவைக்க அங்கே ஒரு காப்பகம் கட்டினார்கள். நோய்க்கு மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தனிமைப்படுத்தும் சட்டத்தை விடவில்லை; 1996இல்தான் நீக்கினார்கள். இப்போது அங்கே வாழ்கிறவர்கள் நோய் நீங்கிய முதியவர்கள். சராசரி வயது எண்பதுக்கு மேல். சாலையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். பார்வை மங்கியவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடப்பதற்கு. நாற்சந்திகளில் ஒலிபெருக்கி சன்னமாக இசைத்துக்கொண்டே இருக்கும்; எந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வதற்கு. இறந்தவர்களை அறுத்துப் பார்த்த மேசை ஒன்று கடற்கரையில் வீசப்பட்டுக் கிடந்தது. 2010 விழாவில் அதை எடுத்துவந்து, கழுவி, எல்லாரும் பார்க்க வைத்தார்கள். ஓவியம் இல்லை, சிற்பம் இல்லை; அந்த மேசை மட்டும்தான். அதன் முன்னால் நின்று வாய் திறந்து பேசியவரை நான் கண்டதில்லை.

அந்தத் தீவில் பார்வையாளர்களை அழைத்துக்கொண்டு நடப்பதும் கூனிப்படையின் வேலை. முதல் நாள் எனக்கு வழிகாட்டப் பயமாக இருந்தது. வேடிக்கை பார்க்க ஆள் கூட்டிவருகிறோமோ என்ற உறுத்தல். அங்கேயே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த பெரியவர் ஒருவர், "ஆள் வரக் கூடாது என்று வைத்திருந்த இடம் இது. ஆள் வரட்டும்" என்றார். இன்றைக்கும் அங்கே போகும்போதெல்லாம் அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு போகிறேன்.

எல்லாம் நல்லது என்று எழுதினால் நேர்மையாகாது. விழாக் காலத்தில் சின்னப் படகுகளில் கூட்டம் தாங்காது. மருத்துவமனைக்குப் போகும் தீவுக்காரர்களும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தீவுகளின் மக்கள்தொகை மொத்தத்தில் இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது. லட்சக்கணக்கானோர் வரும் விழாவைக் கூலியில்லா உழைப்பின் மேல் நிறுத்தலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. நான் அதை எங்கள் கூட்டத்திலேயே கேட்டிருக்கிறேன். விழா நாட்களில் முழுநேரம் உழைப்பவர்களுக்கு ஊதியம் தர வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் மழைக்காலச் செவ்வாய்க்கிழமையில், நான்கே பேர் வரும் நாளில், ஒரு வீட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் அந்த மனசைச் சம்பளம் கொடுத்து வாங்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டுரையின் கடைசி வரி, "நம் மீனவக் கிராமங்களிலும் இப்படி ஓவியம் வரைந்தால் என்ன?" என்று கேட்டிருந்தது. எங்கள் ஊரில் வரைந்தார்கள், ஐயா. ஒரு கோடை விடுமுறையில் இளைஞர்கள் சிலர் வந்து, வலைக்கூடத்துச் சுவரிலும் வீட்டுச் சுவர்களிலும் சுறா, திருக்கை, ஆமை எல்லாம் வரைந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. படம் எடுத்துக்கொண்டு போனார்கள்; அதன் பிறகு யாரும் வரவில்லை. உப்புக்காற்றில் இரண்டாம் வருடமே வண்ணம் செதில் செதிலாக உதிர்ந்தது. ஆமையின் முகம் போன பிறகு என் அப்பா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார். அவருக்கு அதில் வருத்தம் உண்டு. என்ன வரையலாம் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. எப்படிப் பழுது பார்ப்பது என்றும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நவோஷிமாவில் 1998இல் கலைஞர் மியாஜிமா தத்சுவோ ஒரு பழைய வீட்டுக்குள் தண்ணீரில் 125 எண்விளக்குகளை மிதக்கவிட்டபோது, ஒவ்வொரு விளக்கும் எந்த வேகத்தில் எண்ண வேண்டும் என்பதைத் தீவு மக்கள் 125 பேரிடம் விட்டார். அவர்களில் ஐந்து வயதுப் பிள்ளையும் இருந்தது, 95 வயதுப் பெரியவரும் இருந்தார். தன் விளக்கு எது என்று தெரிந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்து இந்தத் தீவுகளைப் பற்றி எழுத யாரையாவது அனுப்பினால், பூசணியிடம் ஒரு மணி நேரம் நிற்கட்டும். மீதி நாளை ஒகிஜிமாச் சந்துக்குள்ளோ ஓஷிமாவிலோ முத்திரைக் கட்டையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரோடு கழிக்கட்டும். தமிழ் பேசும் ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். கூட ஒரு துடைப்பத்தைப் பிடிக்கவும் அவர் சம்மதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
தகமட்சு, ஜப்பான்