காலை ஏழரைக்கு ஒருநாள் வாருங்கள், அம்மா

மதிப்பிற்குரிய வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) அம்மாவுக்கு,

வணக்கம். போன மே மாதம் மாரியம்மன் கோயில் பந்தலில் எங்களோடு உட்கார்ந்து பேசினீர்கள். "பள்ளியை மூடவில்லை, பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கிறோம். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது" என்றீர்கள். மனதாரத்தான் சொன்னீர்கள் என்று இன்றும் நம்புகிறேன். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி இந்த நிலைக்கு வந்ததில் எங்கள் பங்கை மறைக்க மாட்டேன். தினமும் மெட்ரிக் பள்ளி வேன் ஊருக்குள்ளேயே வந்து நிற்கிறது. என் மூத்தவனை நானே கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் அங்கே சேர்த்தேன். இப்படி ஒவ்வொரு வீடாகப் போய், கடைசியில் 11 பிள்ளைகளும் ஒரு டீச்சரும்தான் மிச்சம். இரண்டாவது பிள்ளைக்கும் வேன் கட்டணம் கட்ட என்னால் முடியவில்லை. என் சின்னவள் அந்தப் பதினொருவரில் ஒருத்தி. இப்போது இரண்டாம் வகுப்பு.

இணைத்த பிறகு பிள்ளைகள் போகும் புதிய பள்ளி எங்கள் தெருவிலிருந்து 2 கிலோமீட்டருக்கும் மேல். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது விதி, உங்களுக்குத் தெரியாததில்லை. வழியில் நான்கு வழிச்சாலையைக் கடக்க வேண்டும். அங்கே சிக்னலும் கிடையாது, போலீஸும் கிடையாது. அப்புறம் ஓடைத் தரைப்பாலம். ஐப்பசி மழையில் அதன் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. மூன்று நாள் எங்கள் ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை. வருகைப் பதிவேட்டில் அது வெறும் ஆப்சென்ட்தான்.

இதையெல்லாம் விட என்னை வாட்டுவது காலைச் சாப்பாடு. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அது வந்தபோது எங்கள் ஊர் அம்மாக்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி தெரியுமா? பாதிப் பேர் ஆறரைக்கே களை எடுக்கக் கிளம்பிவிடுவார்கள். பிள்ளை தானாக எழுந்து, நாலு எட்டு நடந்தால் பள்ளி. எட்டே காலுக்குத் தட்டில் சூடாக உப்புமாவோ பொங்கலோ இருக்கும். இப்போது டவுன் பஸ் புதிய பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்வதே ஒன்பது ஐந்துக்கு. அதற்குள் அங்கே பாத்திரம் கழுவிக் கவிழ்த்தாகிவிடும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் சாப்பாடு இல்லை. சாப்பாட்டுக்காக ஏழரைக்கே நடந்தால் துணைக்கு ஆள் இல்லை. பதினொரு பிள்ளைகளில் ஆறு பேர் மதியம் வரை வெறும் வயிற்றோடு இருக்கிறார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டுத்தான் சொல்கிறேன்.

அங்கே இருக்கும் டீச்சர்களை நான் குறை சொல்லவில்லை. இணைத்த பிறகு 64 பிள்ளைகள், அதே இரண்டு டீச்சர்கள். 60 பேரைத் தாண்டினால் மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஒரே கழிப்பறை, அதிலும் குழாயில் தண்ணீர் வருவதில்லை. என் மகள் காலையில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்க பாத்ரூம் போக முடியாதும்மா" என்றாள். ஏழு வயசுப் பிள்ளை தாகத்தை அடக்கப் பழகியிருக்கிறாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய கட்டடம் பூட்டியே கிடக்கிறது. சாயங்காலமானால் பிள்ளைகள் சுவரேறிக் குதித்து அங்கேதான் விளையாடுகிறார்கள். சமையலறைச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு விரிசல். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. எங்கள் சமையலறைச் சுவரை உடனே இடித்துவிடுங்கள். வகுப்பறை நன்றாகத்தான் இருக்கிறது, அதை நூலகமாக்கித் தாருங்கள். பிள்ளைகளே சேராத பள்ளிகளை நூலகமாக்க 2019இல் அரசே முடிவெடுத்ததுதானே.

பள்ளி தூரமாக இருக்கும் பிள்ளைகளுக்கு வண்டிக்கும் வழித்துணைக்கும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பணம் ஒதுக்க இடமுண்டு. எட்டு மணிக்கு ஒரு ஆட்டோ, கூடவே எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி. இது நடந்தால் சாலையும் சாப்பாடும் சேர்ந்தே சரியாகிவிடும். இன்னொன்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் அல்லவா? புதிய பள்ளியின் குழுவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லை. இரண்டு அம்மாக்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முடிவெடுப்பதற்கு முன்னால், பள்ளி நாளாகப் பார்த்து ஒருநாள் காலை ஏழரைக்கு வாருங்கள். ஜீப்பை ஊர் எல்லையிலேயே விட்டுவிடுங்கள். நான் அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிடுகிறேன். பந்தலிலிருந்து பிள்ளைகளோடு சேர்ந்து நடப்போம். பழைய செருப்பாகப் போட்டு வாருங்கள் அம்மா, தரைப்பாலத்தில் இன்னும் சேறு காயவில்லை.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா