சில்வியாவின் அத்தை

கண்ணு மீனா,

ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதத்துக்காகப் பாப்பா வகுப்பில் ஸ்பானிஷ் பேசும் வம்சத்தில் வந்த யாராவது ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும், நல்லதாக ஒரு பேர் சொல்லும்மா என்று போனில் கேட்டாயே. பாடகர்களையும் பந்தாட்டக்காரர்களையும் மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நம் பாப்பா சில்வியா மெண்டஸைப் பற்றிப் பேசட்டும். கலிபோர்னியாவில் நீ வளர்ந்த இதே ஆரஞ்சு கவுண்டியில் நடந்தது.

சில்வியாவுக்கு அப்போது எட்டு வயது. அப்பா கொன்சாலோ மெக்சிகோவில் பிறந்தவர், அம்மா ஃபெலிசிட்டாஸ் போர்ட்டோ ரிக்கோக்காரர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் முகாமில் அடைக்கப்பட்ட ஒரு ஜப்பானியக் குடும்பத்தின் அஸ்பாரகஸ் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து வெஸ்ட்மின்ஸ்டருக்குக் குடிவந்திருந்தார்கள். இவர்கள் பிள்ளைகளையும் தன் பிள்ளைகளையும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சேர்க்க அத்தை சொலெடாட் விடாவுரி கூட்டிப் போனார். அவருடைய பிள்ளைகள் நல்ல வெளுப்பு. விடாவுரி என்ற பேரும் பிரெஞ்சுப் பேர் மாதிரி இருந்தது. அவர்களுக்கு இடம் உண்டு, இந்த மாநிறப் பிள்ளைகள் மெக்சிகன் பிள்ளைகளுக்கென்று தனியாக இருக்கும் பள்ளிக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை தன் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடத்தையும் வேண்டாமென்று விட்டு, எல்லாரையும் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

மீனா, உன்னைச் சேர்க்கப் போன அன்று என் பிள்ளைக்கு இடம் கிடைத்தால் போதும் என்ற ஒரே நினைப்போடுதான் நான் நின்றேன். அதனால்தான் அந்த அத்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்குகிறது.

1945 மார்ச்சில் மெண்டஸும் இன்னும் நான்கு தகப்பன்மார்களும் வழக்குப் போட்டார்கள், ஐயாயிரம் பிள்ளைகள் சார்பில். நான்கு பள்ளி மாவட்டங்கள் பிரதிவாதிகள். நம் கார்டன் குரோவும் அதில் ஒன்று. கொன்சாலோ வழக்கு வேலையாய் அலைய, ஃபெலிசிட்டாஸ் தோட்டத்தைக் கட்டிக் காத்தார். மெக்சிகன் பிள்ளைகளுக்குச் சுத்தம் போதாது, இங்கிலீஷ் வராது என்று அதிகாரிகள் கோர்ட்டில் சொன்னபோது, 14 வயசுப் பெண் ஒருத்தி கூண்டேறி இங்கிலீஷிலேயே சாட்சி சொன்னாள். 1946 பிப்ரவரியில் தீர்ப்பு குடும்பங்கள் பக்கம் வந்தது. 1947-இல் மேல்கோர்ட்டும் உறுதி செய்தது. அதே வருஷம் கவர்னர் ஏர்ல் வாரன் கலிபோர்னியாவில் பள்ளிப் பாகுபாட்டுச் சட்டத்தை நீக்கக் கையெழுத்துப் போட்டார். அந்த மேல்முறையீட்டில் கறுப்பினத்தவர் உரிமை அமைப்பின் சார்பில் மனு எழுதியவர்களில் தர்குட் மார்ஷலும் ஒருவர். 1954-இல் நாடு முழுக்கப் பள்ளிப் பிரிவினையை உடைத்த வழக்கில் வாதாடியவர் அதே மார்ஷல், தீர்ப்பை வாசித்த உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அதே வாரன். இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் போட்ட வழக்கு அந்தத் தீர்ப்புக்கு வழி திறந்தது. இதைப் பாப்பாவுக்கு நிதானமாகச் சொல்லிப் புரியவை.

கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்த நாளெல்லாம், அந்தப் பள்ளியின் அழகான விளையாட்டுத் திடலுக்காகத்தான் அம்மா அப்பா சண்டை போடுகிறார்கள் என்று சில்வியா நினைத்துக்கொண்டிருந்தாராம். பாப்பாவுக்கு இது பிடிக்கும், முதலில் இதிலிருந்தே ஆரம்பிக்கச் சொல். புதுப் பள்ளியில் ஒரு பையன் நீ இங்கே இருக்கக் கூடாதவள் என்று சொல்ல, அழுதுகொண்டே வீட்டுக்கு வந்த பிள்ளையை அம்மாதான் தேற்றித் திரும்ப அனுப்பினார். சில்வியா வளர்ந்து நர்ஸ் ஆனார். 2011-இல் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் வாங்கினார்.

அத்தை பேரைப் பாப்பா மறக்காமல் சொல்லட்டும். சொலெடாட் விடாவுரி. இரண்டு மூன்று தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கு. பேசுகிற நாளன்று எனக்குப் போன் போடு, காத்துக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா