குமுளிக் கடையை மூடும் முன் வரைபடத்தைத் திருத்துங்கள்

கடைகளின் இடம் பற்றி முடிவெடுக்கும் பிரிவினருக்கும் நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

இந்த மாதக் கடைசியோடு, கேரள எல்லையில் இருக்கும் உங்கள் குமுளிக் காபிக்கடை மூடப்படும் என்று கதவில் தாள் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் கீழே, "அருகிலுள்ள எங்கள் கம்பம் கிளைக்கு வாருங்கள்" என்று ஒரு வரி. அந்த வரியைப் படித்த அன்றே எழுத நினைத்தேன். கோபம் அடங்கட்டும் என்று ஒரு வாரம் பொறுத்தேன். முழுதாக அடங்கவில்லை. இருந்தாலும் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: உங்கள் கணக்கில் பிழை இருக்கிறது. அதைத் திருத்தி மறுபடி பார்க்கும் வரை கடையை மூடாதீர்கள்.

காரணம் கேட்டபோது கடையில் ஒரு பக்கத் தாளைக் காட்டினார்கள். காட்டியவரைக் கோபிக்க வேண்டாம், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். ஒவ்வொரு கடையையும் ஒரு புள்ளியாக வைத்து, ஐந்து கிலோமீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எத்தனை பேர் வசிக்கிறார்கள், உங்களுடைய அடுத்த கடை எவ்வளவு தூரம் என்று பார்த்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். குமுளிக்குக் கடைசிக்கு முந்தின இடம்.

சாலை அளவைப் பணிகளுக்கு வரைபடம் தயாரிப்பது என் வேலை. அன்றிரவே உங்கள் இணையதளத்தில் இருக்கும் கடைப் பட்டியலை எடுத்து, எல்லாக் கடைகளின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். குமுளிக் கடை தண்ணீரில் விழுந்தது.

கடையின் முகவரியில் தேக்கடி ரோடு என்று இருக்கிறது. மென்பொருள் தேக்கடியை மட்டும் பிடித்துக்கொண்டு, புள்ளியைப் பெரியார் ஏரியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. ஐந்து தசம இடம் வரை எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுக்கு அது துல்லியம். ஆனால் இடமே தப்பு. 925 சதுர கிலோமீட்டர் புலிகள் காப்பகத்துக்குள் புள்ளியை வைத்து வட்டம் போட்டால், வட்டத்தில் பெரும்பகுதி காடும் தண்ணீரும்தான். அந்த வட்டத்தில் ஆள் குறைவு என்று எங்கள் கடையைத் தள்ளிவிட்டீர்கள்.

புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினாலும் கணக்கு நேராகாது. மாநில எல்லை கடையிலிருந்து நடக்கிற தூரம். எல்லைக் கேட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் பேருந்துகள் நிற்கின்றன. ஆனால் உங்கள் தாளில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு கூட இல்லை. கேரளத்துக் கடை, ஆகவே கேரளத்து மக்கள்தொகை என்று முடித்துவிட்டீர்கள். அதுவும் 2011 கணக்கெடுப்பு. காலையில் அந்தக் கடையில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் கீழே தேனி மாவட்டத்துக் கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள்.

என் அம்மாவும் அவர்களில் ஒருவர். இருபத்திரண்டு வருடமாக ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறார். விடிவதற்கு முன் கூடலூரில் ஜீப் ஏறினால், லோயர் கேம்ப் தாண்டி மலைப்பாதை முழுக்க வளைந்து வளைந்து, குமுளியில் பத்து நிமிடம் நிற்கும். அப்புறம் தோட்டம்தான். அந்தப் பத்து நிமிடத்துக்கு உங்கள் கடை திறந்திருக்கும். தூக்குவாளியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மாவும் அவர் கூட்டாளியும் ஒரு காபி வாங்குவார்கள். ஒருவர் டம்ளரில், மற்றவர் டவராவில். பில் ஒன்று, ஆள் இரண்டு. குடிப்பது கொஞ்சம், மீதி நேரம் டம்ளரைக் கையில் பிடித்து உள்ளங்கையைச் சூடாக்கிக்கொள்வதுதான். சாரல் நாளில் ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காபியை விடப் பெரியது ஒன்று உண்டு. கடையின் பின்னால் கழிப்பறை இருக்கிறது. அந்த நேரத்தில், ஜீப் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெண்கள் பயமில்லாமல் போய்வர வேறு இடம் கிடையாது. "அந்தப் புள்ளைக கேக்கறதுக்கு முன்னாடியே சாவிய எடுத்து வச்சிரும்" என்பார் அம்மா. கடை மூடப்போகிறது என்று சொன்னதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே வீட்லயே தண்ணி குடிக்காமத்தான் கெளம்பணும்" என்றார்.

இதை உங்கள் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்? அலைபேசி இருப்பிடத் தகவலை வைத்து வருகையாளர் எண்ணிக்கை என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அவர் கடைக்கு வந்துபோனது எந்த வரைபடத்திலும் பதியாது. இருபத்திரண்டு வருடம் மலையேறிய ஒரு மனுஷி உங்கள் கணக்கில் இல்லவே இல்லை.

அப்புறம் அந்தக் கம்பம் கிளை. கூடலூரிலிருந்து தோட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் குமுளி மேலே, போகிற வழியில் இருக்கிறது. கம்பம் எதிர்த்திசையில் இருக்கிறது. வேலைக்குப் போகும் ஜீப் காபிக்காகத் திரும்பிக் கம்பத்துக்குப் போகுமா? மலைநாட்டில் நேர்கோட்டுத் தூரத்தை நம்பவே கூடாது. எங்கள் மாவட்டத்துத் தேவாரம் ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊருக்கு மேலே இருக்கும் சாக்கலூத்து மெட்டு என்ற மலை ஏறினால் மறுபக்கம் கேரளம். ஆனால் சாலை இல்லாததால் போடி வழியாகவோ கம்பம் வழியாகவோ சுற்றித்தான் போகிறார்கள். சாலை கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே கிழடாகிவிட்டது. 1956-ல் மாநிலங்களைப் பிரித்தபோது பீர்மேடும் தேவிகுளமும் கேரளத்துக்குப் போனதிலிருந்து எங்கள் பக்கத்து மக்களை எந்த அலுவலகமும் முழுதாக எண்ணியதில்லை. அங்கே கேட்டால் நீ அந்தப் பக்கம் என்பார்கள், இங்கே கேட்டால் வேலை பார்க்கும் இடத்தில் போய்க் கேள் என்பார்கள். இப்போது ஒரு காபிக்கடையும் அதையே சொல்கிறது.

சரி, இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பில்லை. கேட்க வந்ததற்கு வருகிறேன்.

தரவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். கடை எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வைத்து எவ்வளவோ நல்ல முடிவுகள் எடுக்கலாம். ஆனால் முதலில் புள்ளி சரியாக இருக்க வேண்டும். வட்டத்துக்குப் பதில், காலை ஆறு மணிக்குச் சாலை வழியே எவ்வளவு நேரத்தில் கடைக்கு வர முடியும் என்று பாருங்கள். இரண்டு மாநிலத்து மக்களையும் சேருங்கள். யார் எந்தத் திசையில் போகிறார்கள் என்று பாருங்கள். கார்த்திகை முதல் தை வரை ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்களைத் தனியாக எடுத்துப் பாருங்கள். இதையெல்லாம் செய்த பிறகும் கடை நஷ்டம் என்றால், எனக்கு வாதாட ஒன்றுமில்லை.

கடை வாசலில் நின்று நானே குறித்த சரியான ஆயத்தொலைவுகளையும், சாலை நேரத்தை வைத்துப் போட்ட வரைபடத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். உங்கள் பிரிவிலிருந்து ஒருவர் ஒரு நாள் காலை வந்து, முதல் ஜீப் நிற்பதிலிருந்து கடைசி ஜீப் கிளம்பும் வரை கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதுவரை கடையைப் பூட்டாதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கதவில் இருக்கும் அந்தக் கம்பம் வரியை மட்டும் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
கூடலூரிலிருந்து ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளியின் மகள்