ஏணியிலிருந்து விழுந்தாள் என்று மூடப்பட்ட கோப்பு

மகாராஷ்டிர அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறைக்கும், மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும்,

வணக்கம். மும்பை தாராவியில், 90 அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் 19 ஆண்டுகள் அங்கன்வாடி நடத்தியவள் நான். வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களில் ஒரு சிறுமிக்காக இதை எழுதுகிறேன். பெயரைச் சொல்லமாட்டேன்.

நான்கு வயது. எடை பார்க்கத் தூக்கினால் உடம்பைச் சுருட்டிக்கொள்வாள். மார்ச்சில் 13.5 கிலோ இருந்தவள் ஜூனில் 12 கிலோ. ஒரு நாள் இடது முன்கையில் தீப்புண். தோசைக் கரண்டியின் விளிம்பைப் போல அரைவட்டமாக இருந்தது. அடுப்பில் பட்டுவிட்டது என்றார்கள். எடையை எழுதினேன். தீப்புண்ணை எழுத என் பதிவேட்டில் கட்டம் இல்லை, நானும் எழுதவில்லை.

மழைக்காலத்தில் அவள் இறந்துபோனாள். மேல்தளத்துக்கு ஏறும் இரும்பு ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னார்கள். தாராவி வீடுகளில் அந்த ஏணி செங்குத்தாக நிற்கும், பிள்ளைகள் விழுவதும் உண்டு. அதனாலேயே யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. விபத்து மரணம் என்று பதிந்து கோப்பை மூடிவிட்டார்கள். அடித்துக் கொன்றார்கள் என்று நான் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று எவருமே தேடாமல் போனதுதான் இன்றும் என் நெஞ்சை அறுக்கிறது.

துக்கம் கேட்கப் போனபோது, பல இரவுகள் அழுகுரல் கேட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தோள் வீக்கத்துக்கு இரண்டு மாதம் முன்பே மருந்து கொடுத்ததாகத் தெருமுனை டாக்டர் சொன்னார். எடைக் கணக்கு என்னிடம் இருந்தது. மூன்றும் ஒரே மேசைக்கு வரவேயில்லை.

லண்டனில் 2000 பிப்ரவரியில் விக்டோரியா கிளிம்பி என்ற எட்டு வயதுச் சிறுமி கொடுமையால் இறந்தாள். உடலில் 128 காயங்கள். லார்ட் லேமிங் விசாரித்து 2003இல் கொடுத்த அறிக்கை, அவளைக் காப்பாற்றக் கிடைத்த 12 வாய்ப்புகளாவது தவறவிடப்பட்டன என்றது. மருத்துவமனை, காவல்துறை, சமூகநலத் துறை மூன்றும் அவளைப் பார்த்திருந்தன. அதன்பின் வந்த 2004 குழந்தைகள் சட்டத்தின் வழியே, எந்தக் குழந்தை இறந்தாலும் பல துறையினர் கூடி ஆராய்வது 2008 முதல் இங்கிலாந்தில் கட்டாயமாயிற்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் இத்தகைய குழு 1978இலேயே அமைந்துவிட்டது.

நம்மிடமும் ஒரு தொடக்கம் இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்தை ஆராயத் தேசிய சுகாதார இயக்கம் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வீட்டுக்கே போய்த் தாயிடம் பேசிக் காரணம் அறியும் நல்ல முறை அது. ஆனால் அதன் கவனம் நோயின் மீதும், சிகிச்சை கிடைப்பதில் நேர்ந்த தாமதத்தின் மீதும்தான். வீட்டுக்குள் விழும் அடியை, அடித்தவர்களிடமே கேட்டு எப்படி அறிவது?

ஆகவே கேட்கிறேன். மும்பையிலிருந்தே தொடங்குங்கள். வீட்டில் காயத்தால் இறக்கும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் டாக்டர், காவல் அதிகாரி, குழந்தைகள் நலக் குழு உறுப்பினர், அங்கன்வாடி ஊழியர் ஆகியோர் ஒன்றாக உட்காரட்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு ஏற்கெனவே அழைப்பு வந்திருந்தால் அந்தப் பதிவும் மேசைக்கு வரட்டும். 1996இல் அந்த உதவி எண் பிறந்ததே இந்த நகரத்தில்தான். தண்டனை காவல்துறையின் பாடு, நீதிமன்றத்தின் பாடு. இந்தக் குழு எந்த இடத்தில் கை நழுவியது என்று பார்க்கட்டும், பெயர்களை மறைத்து ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடட்டும். எங்கள் பதிவேட்டில் காயத்துக்கென ஒரு கட்டமும், அதை நிரப்பும் ஊழியருக்குப் பாதுகாப்பும் கொடுங்கள். அதே சந்தில் குடியிருந்துகொண்டு புகார் எழுதுவது எளிதன்று.

அந்தச் சிறுமிக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி இருந்தான். அக்காள் இறந்த மறுமாதமே குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டது. எங்கே போனார்கள் என்று கேட்கும் பொறுப்பு அன்று எவருக்கும் இல்லை. அந்தப் பொறுப்பை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி ஊழியர்,
தாராவி, மும்பை