கடன் தீர்ந்த போனுக்கு எதற்குப் பூட்டு?

அமெரிக்க காங்கிரசின் இரு அவைகளிலும் உள்ள நீதித்துறைக் குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் தவணைக்கு வாங்கி, முழுவதும் கட்டி முடித்த ஒரு போனில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டால், 'சிம் நாட் சப்போர்ட்டட்' என்று திரையில் வருகிறது. சிம்மிலும் கோளாறு இல்லை, போனிலும் கோளாறு இல்லை. சிம்மில் பதிந்திருக்கும் எண்ணின் முதல் ஐந்தாறு இலக்கங்கள் எந்த நாடு, எந்த நிறுவனம் என்று சொல்லும். தன்னை விற்ற நிறுவனத்தின் இலக்கங்கள் அவை இல்லை என்றால் போன் மறுத்துவிடும். பூட்டு என்பது இவ்வளவுதான். இது எந்தப் பாட்டையும் படத்தையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் இதைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது.

காரணம், 1998-ல் நீங்கள் இயற்றிய டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டத்தின் 1201-ஆம் பிரிவு. போனை இயக்கும் மென்பொருளும் ஒரு படைப்பு, ஆகவே அதன் மேலுள்ள பூட்டை உடைக்கக் கூடாது என்று அது வாசிக்கப்படுகிறது. இதிலிருந்து விலக்குத் தருவது காங்கிரஸ் நூலகத்தின் தலைவரான நூலகரின் கையில் இருக்கிறது, அதுவும் மூன்றாண்டுக்கு ஒருமுறை. 2006-ல் தந்தார்கள், 2010-ல் நீட்டித்தார்கள், 2012-ல் கைவிட்டார்கள். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது சட்டவிரோதம் ஆயிற்று. 1,14,000-க்கும் மேற்பட்டோர் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்ட பிறகே 2014 ஆகஸ்ட் 1-ல் புதிய சட்டம் கையெழுத்தானது. அது பழைய விலக்கைத் திருப்பிக் கொடுத்ததே தவிர 1201-ஐத் தொடவில்லை. ஆகவே இன்றும் மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே விலக்குக்காக அதே வாதத்தை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை கருவிகள் விஷயத்தில் இருக்கிறது. 2014 சட்டப்படி உரிமையாளர் தானே திறக்கலாம், அவர் கேட்டுக்கொண்டால் இன்னொருவர் திறந்து கொடுக்கலாம். ஆனால் திறப்பதற்கான மென்பொருளையோ கருவியையோ விற்பதற்கு 1201 போட்டிருக்கும் தடை தனி. அந்தத் தடைக்கு விலக்குத் தர நூலகருக்கு அதிகாரமே இல்லை. வேண்டுமென்றே, லாபத்துக்காக மீறினால் முதல் குற்றத்துக்கே 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. திறந்துகொள், ஆனால் சாவியை யாரும் விற்கக் கூடாது என்றால் கடை வைத்துத் தொழில் செய்கிறவர் என்ன செய்வார்?

நேர்வழி இப்படி அடைபட்டிருப்பதால்தான் சந்தையில் குறுக்குவழிகள் ஓடுகின்றன. ஐபோனின் சிம் தட்டில் சிம்மோடு ஒட்டி வைக்கும் மெல்லிய சிப் ஒன்று உண்டு. போன் ஆக்டிவேட் ஆகும் நேரத்தில் அதை ஏமாற்றி வேலை வாங்கும். அடுத்த ஐஓஎஸ் அப்டேட் வந்தால் சிக்னல் போய்விடலாம். உண்மையான பூட்டு ஆப்பிளின் சர்வரில், அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ-க்கு எதிரே பதிந்திருக்கிறது. விற்ற நிறுவனம் சொன்னால்தான் அந்தப் பதிவு மாறும். அன்லாக் குறியீடு கேட்கும் ஆண்ட்ராய்டு போன்களில் சிக்கல் வேறு மாதிரி. குறியீட்டைப் பலமுறை தவறாக அடித்தால் போன் உறைந்துவிடும், பிறகு சரியான குறியீட்டையும் ஏற்காது.

பழைய போன் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போய், கேரியர் லாக் என்ற இடத்தில் 'நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். மற்ற போன்களில் வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டு ஒரு அழைப்பாவது செய்து பாருங்கள். நியூ ஜெர்சியிலிருந்து மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு போன் கொடுத்தனுப்புகிறவர்கள் இதை விமானம் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். ஊருக்குப் போன பிறகு விற்ற நிறுவனத்தைக் கேட்டால், கணக்கு வைத்திருந்தவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும்.

பூட்டு இல்லாவிட்டால் திருட்டு கூடும், தவணை கட்டமாட்டார்கள் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. திருடுபோன போனை முடக்குவதற்கு ஐஎம்இஐ தடைப்பட்டியல் தனியாக இருக்கிறது. அன்லாக் செய்த போனும் அந்தப் பட்டியலில் ஏறினால், அதைப் பின்பற்றும் நெட்வொர்க்குகளில் வேலை செய்யாது. கடன் பத்திரமும் அன்லாக் செய்வதால் கிழிந்துபோவதில்லை. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் பூட்டில்லாத போன்தான் விற்க வேண்டும். பிரிட்டன் 2021 டிசம்பரில் பூட்டிய போன்களின் விற்பனையைத் தடை செய்தது. அந்த இரண்டு நாடுகளிலும் தவணைக்குப் போன் விற்பது நின்றுவிடவில்லை.

நாங்கள் கேட்பது மூன்று. பதிப்புரிமை மீறல் எதுவும் இல்லாதபோது நெட்வொர்க் பூட்டைத் திறப்பது குற்றமில்லை என்று 1201-லேயே நிரந்தரமாக எழுதுங்கள். அதற்கான கருவியைச் செய்வதையும் விற்பதையும் அதே வரியில் சேருங்கள். கடன் தீர்ந்த அன்றே, விண்ணப்பம் எதுவும் கேட்காமல், நிறுவனமே சர்வரில் பூட்டை எடுத்துவிட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இரண்டாம் கையில் வாங்கியவருக்கும் இது பொருந்த வேண்டும்.

இப்படிக்கு,
கைப்பேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவர்கள்