மூச்சு வாங்குவதெல்லாம் ரத்த சோகை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடவு வேலைக்குப் போகும் பெண்கள் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், ரத்த சோகை என்று இரும்புச் சத்து மாத்திரையையும், அதற்கும் கேட்காவிட்டால் வீசிங் என்று ஓர் ஊசியையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் டெல்டா கிராமங்களில் இன்னும் மாறவில்லை. ரத்த சோகை நம் பெண்களிடம் மிகுதி என்பதால் அந்த எண்ணம் முதலில் வருவது இயல்பே. ஆனால், இதய வால்வு சுருங்கியிருந்தாலும் இதே தொல்லைகள்தாம் வரும் என்பதை, பாபநாசம் வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுத விரும்புகிறேன்.

இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மைட்ரல் வால்வு, நலமாக உள்ளவர்களுக்கு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். அது 1.5 சதுர சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ ஆகிவிட்டால் கடுமையான சுருக்கம் என்பார்கள். மதகுப் பலகையை அரைகுறையாகத் தூக்கி வைத்தால் மேல்பக்கம் தண்ணீர் ஏறிக்கொண்டே போவதைப் போல, மேலறையில் தேங்கும் ரத்தத்தின் அழுத்தம் பின்னோக்கி நுரையீரலில் ஏறுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கும்போது வால்வு திறந்திருக்கும் நேரமும் குறைவதால், நாற்று முடியைச் சுமந்து வரப்பேறும் பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. நோய் முற்றியவர்கள் படுத்தாலே இருமல் வந்து, திண்ணைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இரவைக் கழிக்கிறார்கள்.

வயதானவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து படிந்து சுருங்குவது பெரும்பாலும் மகாதமனி வால்வு. அதைத் தனியே எழுத வேண்டும். இளம் பெண்களிடம் காணும் மைட்ரல் சுருக்கத்துக்கு வேர், பள்ளி வயதில் வந்த தொண்டை அழற்சி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் அதைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, முழங்காலும் கணுக்காலும் மாறி மாறி வீங்கும். சுளுக்கு என்று எண்ணெய் தடவுவோம், வீக்கமும் வடிந்துவிடும். அந்தக் காய்ச்சலால் இதய வால்வில் விழுந்த தழும்போ பல ஆண்டுகள் கழித்தே தன்னைக் காட்டும்.

பெரும்பாலும் அது வெளிப்படுவது கர்ப்ப காலத்தில். ஏழு, எட்டாம் மாதத்துக்குள் உடலில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடுவதால், அதுவரை ஒரு குறையும் சொல்லாத பெண்ணுக்குத் திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். "மாசமா இருந்தா மூச்சு வாங்கத்தான் செய்யும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றுவதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சில நேரம் மருத்துவப் பணியாளர்களே அப்படிச் சொல்வதுதான் வேதனை. மேலறை விரிந்து துடிப்பு தாறுமாறானால் அங்கே ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதமும் வரலாம். இளவயதில் ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்களுக்கு வால்வையும் பார்த்தாக வேண்டும்.

ஈசிஜி மட்டும் எடுத்துவிட்டு நிம்மதி அடைந்துவிட முடியாது. ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையில்தான் சுருக்கத்தின் அளவு தெரியும். வால்வின் அமைப்பு ஒத்துவந்தால், தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலே விரிக்கலாம். 1980களில் ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே கொண்டுவந்த இம்முறை இன்று நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படுகிறது. ஒத்துவராதவர்களுக்கு வால்வையே மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி சுருங்கிய வால்வை விரிக்காது. ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் வந்து வால்வு மேலும் கெடாமல் காக்கும். பல ஆண்டுகள் தொடர வேண்டிய இந்த ஊசியை, ஒவ்வாமை அச்சத்தால் போடத் தயங்கும் இடங்கள் உண்டு. அச்சம் நியாயமானதே என்றாலும், பரிசோதனை ஊசியும் அவசர மருந்தும் கைவசம் இருக்கும்போது நோயாளியை அலைக்கழிக்கக் கூடாது.

எனவே, கர்ப்பிணியின் முதல் பரிசோதனையிலேயே மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்தைக் கேட்பதையும், ஐயம் எழுந்தால் எக்கோவுக்கு அனுப்புவதையும் கட்டாயமாக்க வேண்டும். வட்ட மருத்துவமனைகளில் எக்கோவுக்கென்று ஒரு கிழமையை ஒதுக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுடன் வீடு தேடி வருபவர்களிடமே, பென்சிலின் தவணை தவறியவர்களின் பட்டியலையும் கொடுக்குமாறு சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.