கொக்கி மாட்ட ஓர் இடம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததாக அம்மா சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம்.

நான் இப்போது போரூர் பக்கம் ஓர் அடுக்குமாடி சைட்டில் சேஃப்டி பார்க்கிறேன். வேலைக்குப் போகிற வழியில்தான் மௌலிவாக்கம். 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நேரத்தில் சரிந்து 61 பேர் செத்தார்களே, அதே ஊர். அவர்களை எந்த ஹெல்மெட்டும் காப்பாற்றியிருக்காது. ஆனாலும் எந்த சைட்டில் ஆள் விழுந்தாலும், "பெல்ட் ஏன் போடலை?" என்று செத்தவனைத்தான் முதலில் கேட்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சேஃப்டி பெல்ட் போட்டுத்தான் இருப்பான். விழாமல் பிடிக்க அதை எங்காவது மாட்ட வேண்டிய கொக்கிதான் சும்மா தொங்கும். வெளிப்பூச்சு வேலையில் இருந்த ஒடிசாத் தம்பி ஒருவனிடம் கேட்டதற்கு, "எங்கே மாட்டுறது சார்?" என்றான். சுற்றிப் பார்த்தேன். சாரத்துப் பைப்தான் இருந்தது, அதுவும் ஆடியது. அதில் மாட்டினால் சாரத்தோடு சேர்ந்துதான் விழுவான். அப்புறம் தூணுக்குத் தூண் இரும்புக் கயிறு இழுத்துக் கட்டினோம். ஒற்றைக் கொக்கியை மாற்றி இரட்டைக் கொக்கி பெல்ட் வாங்கினோம். நகரும்போது ஒன்றைக் கழற்றினாலும் மற்றது பிடித்திருக்கும். இப்போது பெரும்பாலும் சொல்லாமலே மாட்டுகிறார்கள். சதுர அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள் மட்டும் இன்னும் அவசரப்படுகிறார்கள். அந்தக் கணக்கை மாற்றாமல் அவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. மேலிருந்து ஜாக்கி, அதாவது சென்ட்ரிங்கைத் தாங்கும் இரும்பு முட்டு, விழுந்து யார் மேலும் படவில்லை என்றால் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேலை நிற்கும், அன்றைய கூலி போய்விடும். ஆபத்தைச் சொல்லி வேலை நின்றால் முழுக் கூலி உண்டு என்று கான்ட்ராக்டரை மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்தேன். போன வாரம் ஒரு சித்தாள் அக்காவே வந்து, குழி விளிம்பை ஒட்டி, பாரத்தில் சரிந்துவிடும்படி மண் குவித்திருப்பதைக் காட்டினார். அன்று சாயங்காலமே நல்ல மழை.

500 பேர் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் நிர்வாகத்துக்குக் குறையாமல் தொழிலாளர்களும் இருக்க வேண்டும் என்று 1996-லேயே சட்டம் போட்டார்கள். எங்களிடம் அவ்வளவு ஆள் இல்லை. இருந்தாலும் மேஸ்திரிகளையும் அந்த அக்காவையும் சேர்த்து உட்கார வைக்கிறேன்.

சரி, சிங்கப்பூரில் காலையில் வேலைக்கு முன்பு நம்ம ஆட்களையும் வங்காளதேசத்து ஆட்களையும் நிறுத்தி எந்த மொழியில் பேசுகிறீர்கள்? எங்கள் மேஸ்திரிக்கு இந்தி தகராறு. படம் போட்ட போர்டு ஏதாவது வைத்திருந்தால் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்